மொட்டைக் கிணற்றுக்கு வடக்கே

உடைகுளம்பட்டி,
ஆமத்தூர் வழி.
16.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வள்ளித்தாய் எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? இந்த வெயிலுக்கு அங்கே மின்விசிறியாவது ஓடுகிறதா? போனில் கேட்கலாம் என்றால், அவர்கள் கொடுக்கிற நாலு நிமிடத்தையும் நான் அழுதே தீர்த்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எட்டாவது மாதம். ஏழு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை என்பதால் பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் இருக்கிறேன்.

சித்திரையோடு ஊரின் பழைய போர் வற்றிவிட்டது. ஒரு குடத்துக்கு ஒன்றரை மணி நேரம் நின்றோம். பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் பெண்டாட்டி என்று எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். கடைசியில் உங்கள் முதலாளி லட்சுமிகாந்தம் மனது வைத்து, தன் மானாவாரிக் காட்டில் ஒரு மூலையைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தார். இருநூற்று நாற்பது அடியில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை சேறு அப்பிய சட்டையோடு வீட்டுக்கு ஓடி வந்து, “ஏ வள்ளி, பன்னீரு மாதிரி இருக்கு தண்ணி, குடிச்சுப் பாரு” என்று சொம்பை நீட்டினார்.

பட்டாசு ஆபீஸில் மருந்து அறை வெடித்து இரண்டு பெண்கள் செத்ததற்கு, போர்மேன் என்று உங்களை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுத் தன் பெயர் கேஸில் வராமல் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். அவர் கொடுத்த தண்ணீரைக் குடிக்க முதலில் மனம் வரவில்லை. தாகம் அதையெல்லாம் பார்க்கிறதா? குடித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
வள்ளித்தாய்

*

மத்திய சிறை,
பாளையங்கோட்டை.
2.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் ஊர்க்காவலன் எழுதுவது. முட்டுவலி இருக்கத்தான் செய்கிறது. படுக்க வைக்கிற அளவுக்கு இல்லை. நீயும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை பாண்டியைக் கேட்டதாகச் சொல்.

இங்கே எனக்கு ஃபைல் அட்டை ஒட்டுகிற வேலை. பசை வாடை பழகிவிட்டது. மார்ச் மாதம் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். அதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கும். வந்ததும் முதல் வேலையாக உன் வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்றிக் கொடுப்பேன்.

முதலாளியைப் பற்றி ஒன்றும் எழுதாதே. இந்தக் கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் எங்களிடம் தருகிறார்கள். அவரால் ஊருக்குத் தண்ணீர் கிடைத்ததே, அது போதும்.

பிள்ளை பிறந்தால் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடு. ஒரு தரம் போதாது, இரண்டு தரம். நம் அம்மா அந்தப் பக்குவம் தெரியாமல்தான் உனக்கு மூத்ததைப் பேதியில் பறிகொடுத்தாள். தைரியமாக இரு, தாயி.

அண்ணன்,
ஊர்க்காவலன்

*

உடைகுளம்பட்டி,
25.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பிறந்தது பெண் என்று அவர் போனில் சொல்லியிருப்பார். ஆடி பன்னிரண்டாம் நாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். நிறைய ரத்தம் போய், பதினைந்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். அதில் தாய்ப்பால் வற்றிவிட்டது. மாவுப் பால்தான் கொடுக்கிறோம். நீங்கள் எழுதியபடி தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைத்துத்தான் கலக்குகிறேன். பாட்டிலை வாயை விட்டு எடுத்தால் போதும், ஊரைக் கூட்டிவிடுவாள். கோபம் அப்படியே உங்களுடையது.

இந்த ஒரு வாரமாக உதடு மட்டும் கொஞ்சம் கருநீலமாகத் தெரிகிறது. நகத்திலும் அப்படித்தான். ஊசி போட வந்த நர்ஸிடம் காட்டினேன். “மாமன் நிறமா இருக்கும்” என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். நர்ஸும் எடை பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் மனது கேட்கவில்லை.

தண்ணீருக்குக் குறைவில்லை. போர் போட்ட இடம் உங்களுக்குத் தெரிந்த இடம்தான். முதலாளி காட்டில் மண் போட்டு மூடிக் கிடக்குமே மொட்டைக் கிணறு, அதற்கு வடக்கே இருபது எட்டு வைத்தால் வந்துவிடும். முதலாளி பெயரைப் போட்டு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மருமகளுக்கு என்ன பெயர் வைக்கலாம்? எழுதுங்கள்.

வள்ளித்தாய்

*

மத்திய சிறை,
பாளையங்கோட்டை.
6.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காய்ச்சலில் கிடந்தேன். அப்புறம் தபால் உறை கிடைக்கவில்லை. வேலையும் அதிகம். தப்பாக நினைக்காதே. மருமகள் எப்படி இருக்கிறாள்? உதடு எப்படி இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன், மறுபேச்சுப் பேசாமல் செய். பிள்ளைக்குப் பால் கலக்க அந்தப் போர்த் தண்ணீர் வேண்டாம். சிவகாசியிலிருந்து வேன் வருமே, அதில் கேன் தண்ணீர் வாங்கிக்கொள். புதிதாகப் போட்ட போரில் ஒரு வருடத்துக்குத் தண்ணீர் அழுக்காகத்தான் வருமாம். சின்னப் பிள்ளை வயிற்றுக்கு ஆகாது என்று இங்கே வருகிற டாக்டர் ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. பயப்படாதே.

பெயர் விஷயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓவியா என்றால் உனக்குப் பிடிக்குமா?

அண்ணன்,
ஊர்க்காவலன்

*

உடைகுளம்பட்டி,
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டுவிட்டதா? கஞ்சி கேட்டால் கொடுப்பார்களா?

ஓவியா நன்றாக இருக்கிறாள். அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். கேன் தண்ணீருக்கு மாற்றிப் பத்து நாளில் உதடு சிவந்துவிட்டது! உங்கள் டாக்டர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் வீட்டில் இதனால் பெரிய சண்டை. முதல் நாள் கேனை இறக்கும்போதே தெருவில் பார்த்துவிட்டார்கள். எதிர்வீட்டுச் செல்லத்தாய் நேரே வந்து, “ஏக்கா, டேங்க் ஆபரேட்டரு வீட்டுலயே கேன் தண்ணி குடிச்சா, அவரு தொறந்து விடுற தண்ணியில என்ன கலந்திருக்கு? எனக்கும் நாலு மாசம், சொல்லிப்புடுங்க” என்று கேட்டாள். உங்கள் மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. அவள் போனதும் கத்தினார்.

“எம் மானத்த வாங்கணும்னே இருக்கியா? நாங் குடுக்குற தண்ணிய எம் பிள்ளையே குடிக்கலேன்னா ஊருல எவன் குடிப்பான்?”

“அண்ணன் எழுதியிருக்குல்ல.”

“மச்சான் அங்கன உள்ள இருந்துக்கிட்டு இங்கன உள்ள தண்ணிய எப்படிப் பார்த்தாராம்?”

இப்போது வேன்காரரிடம் சொல்லி, கேனைச் சாக்குப் போட்டு மூடி, பின்வாசல் வழியாக வாங்குகிறேன். அந்த டாக்டரிடம் விவரமாகக் கேட்டு எழுதுங்கள் அண்ணா. என்ன அழுக்கு, எப்போது தெளியும் என்று தெரிந்தால் அவரிடம் காட்டி வாயை அடைப்பேன். செல்லத்தாய்க்கும் சொல்ல வேண்டுமல்லவா?

தீபாவளி கழிந்ததும் அவர் உங்களைப் பார்க்க வருவார். பனியனும் எண்ணெயும் கொடுத்துவிடுகிறேன்.

வள்ளித்தாய்

*

மத்திய சிறை,
பாளையங்கோட்டை.
17.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். மாப்பிள்ளை வந்து போனது சந்தோஷம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் இருந்த ஓவியா படத்தைக் காட்ட முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். மழை, பயிர் என்று பேசிக்கொண்டிருந்தோம். நேரம் முடிந்துவிட்டது.

அந்த டாக்டரைத் திரும்பப் பார்க்க முடியவில்லை. மாற்றலாகிப் போய்விட்டாரோ என்னவோ. பார்த்தால் கேட்கிறேன். கேன் தண்ணீரை மட்டும் நிறுத்தாதே. செல்லத்தாயிடம் நீயாக ஒன்றும் சொல்ல வேண்டாம், ஊர் வாய்க்கு அவல் ஆகிவிடும்.

மார்ச் மாதம் வந்ததும் பழைய வேலையே தருவதாக முதலாளி வக்கீல் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்னும் நாலு மாதம்தான், தாயி.

அண்ணன்,
ஊர்க்காவலன்

*

உடைகுளம்பட்டி,
2.1.2025

மச்சானுக்கு,

பாண்டி எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஓவியா இறந்துவிட்டாள். டிசம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மதுரையில்.

அந்த வாரம் மழை விடாமல் பெய்தது. ஓடை நிறைந்து, ஆமத்தூர் ரோட்டில் தரைப்பாலம் மூழ்கிவிட்டது. ஆறு நாள் கேன் வேன் வரவில்லை. இருந்த தண்ணீரை வள்ளி சிக்கனமாக வைத்து மூன்று நாள் ஓட்டினாள். அப்புறம் வேறு வழியில்லை. அழுக்குத் தண்ணீர்தானே, கொதிக்க வைத்து வடிகட்டினால் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். அவள் நாலு தரம் கொதிக்க வைத்தாள். கால் பாகம் சுண்டிப்போகிற வரைக்கும் அடுப்பை அணைக்கவில்லை.

மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை. ஓடையைச் சுற்றிக்கொண்டு டிராக்டரில் போய், அங்கிருந்து கார் பிடித்தோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சிவப்பாக இல்லை மச்சான். கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்ததுமே கேட்டார்: “எந்தத் தண்ணியில பால் கலக்குனீங்க?” ஊசி போட்டார்கள். நேரம் கடந்துவிட்டது.

தண்ணீரில் நைட்ரேட் உப்பாம். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாதாம். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும் என்று டாக்டரம்மா சொன்னார். வள்ளி கேட்டுக்கொண்டே நின்றாள். அன்றையிலிருந்து அவள் யாரிடமும் பேசுவதில்லை.

அதிகாரிகள் வந்து போர்த் தண்ணீரை எடுத்துப் போனார்கள். லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாதாம். நம் போரில் முந்நூற்றுப் பத்து. யூரியாவும் கக்கூஸ் குழியும் காரணம் என்கிறார்கள். அந்தக் காட்டில் யூரியா போட்டு எவன் வெள்ளாமை செய்தான்? இருநூறு அடி தள்ளி, முதலாளி காட்டிலேயே வேறு போர் போடப் போகிறார்களாம். அதுவரைக்கும் பெரியவர்கள் இதையே குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் நான்தான் வால்வைத் திறக்கிறேன்.

மச்சான், ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தண்ணீர் ஆகாது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பாண்டி

*

மத்திய சிறை,
பாளையங்கோட்டை.
9.1.2025

மாப்பிள்ளைக்கும் வள்ளித்தாய்க்கும்,

சுகம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இதைப் படித்துப் பார்க்கிற சிறை அதிகாரியும் தெரிந்துகொள்ளட்டும் என்றே எழுதுகிறேன்.

டாக்டர் யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் கிடையாது.

2019 தீபாவளி முடிந்த பின் பெய்த மழையில் ஆபீஸ் குடோன் ஒழுகி, மருந்தில் கலக்கிற வெடியுப்பு, அதாவது அந்த நைட்ரேட், மூட்டை மூட்டையாக நனைந்து பாறையாகிவிட்டது. எண்பத்து நாலு மூட்டை. லைசென்ஸில் காட்டியதைவிட அது அதிகம். திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் என்று தெரிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “ஊர்க்காவலா, இது இங்கன இருக்கக்கூடாது. எங்கன கொண்டு போய்ப் போடுவியோ, எனக்குத் தெரிய வேண்டாம்” என்றார். காடு அவருடையது, கிணறு அவருடையது. எனக்கு வேறு எந்த இடம் இருக்கிறது? பட்டப்பகலில், குப்பை கொட்டுவதாகச் சொல்லி, டிராக்டரில் ஏழு நடை அடித்து அந்த மொட்டைக் கிணற்றில் சாக்கோடு கொட்டினேன். கூட வந்த லோடுமேன் சுடலை அடுத்த வருடம் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். மேலே கரிசல் மண்ணைத் தள்ளி மூடினோம். உப்புதானே, பயிருக்குக்கூடப் போடுகிறார்களே என்று நினைத்தேன். அதற்கப்புறம் அந்த நினைப்பே எனக்கு இல்லை.

வள்ளியின் ஆகஸ்ட் கடிதத்தில் கிணற்றுக்கு வடக்கே இருபது எட்டு என்று படித்ததும் அந்த எண்பத்து நாலு மூட்டையும் நினைவுக்கு வந்துவிட்டன. பிள்ளையின் உதடு எப்படிக் கறுத்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர்தான் என்று தெரிந்தது. ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. உண்மையை எழுதினால் புதுக் கேஸ் போடுவார்கள், மார்ச் தள்ளிப்போகும், முதலாளி கைவிட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கடிதத்தைப் படிப்பார்கள், அதனால்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். மாப்பிள்ளை நேரில் வந்து நின்றபோது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே. மழையைப் பற்றிப் பேசினேன்.

அழுக்கு என்று நான் எழுதியதை நம்பித்தான் நீங்கள் கொதிக்க வைத்தீர்கள். கொதிக்க வை என்று முதலில் எழுதியவனும் நான்தான். மாப்பிள்ளை தன்மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம்.

புதுப் போரையும் அந்தக் காட்டில் போட விடாதீர்கள். இருநூறு அடி தள்ளினால் அந்த உப்புக்குத் தூரமே இல்லை. இந்தக் கடிதத்தைக் கலெக்டரிடம் கொடுங்கள். கிணற்றைத் தோண்டச் சொல்லுங்கள்.

வள்ளி, உனக்கென்று இந்த இடத்தில் நாலு தரம் எழுதி நாலு தரமும் அடித்துவிட்டேன்.

ஊர்க்காவலன்

*

உடைகுளம்பட்டி,
30.3.2025

அண்ணனுக்கு,

வள்ளித்தாய் எழுதுவது.

உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. அவர் வாசலில் நின்றே படித்தார். நேரே டேங்குக்குப் போய் வால்வை மூடிவிட்டு, அதிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குடத்தோடு வந்தவர்களெல்லாம் ஏசினார்கள். தலைவர் வந்து மிரட்டினார். “வேலைய விட்டுத் தூக்குனாலும் சரி, இனி தொறக்க மாட்டேன்” என்று சொன்னாராம். நான் ஒன்பது நாள் கழித்துத்தான் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தேன்.

திங்கட்கிழமை மனு நாளில் விருதுநகர் போய்க் கொடுத்தோம். இரண்டு வாரம் யாரும் வரவில்லை. பிறகு ஜேசிபியோடு வந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. இருபது அடிக்குக் கீழே மூட்டைகள் வர ஆரம்பித்தன. பிளாஸ்டிக் சாக்கு மட்கவே இல்லை, அப்படியே இருந்தது. உள்ளேதான் ஒன்றுமில்லை, கைப்பிடி சேறு. ஒவ்வொரு சாக்காக வெளியே எடுத்துப் போட்டார்கள். எண்பத்து நாலு.

போரை மூடி சீல் வைத்துவிட்டார்கள். புதுப் போர் இப்போதைக்கு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வருகிறது, வீட்டுக்கு ஆறு குடம். செல்லத்தாய்க்குப் போன வாரம் ஆண் பிள்ளை பிறந்தது. அவள் லாரித் தண்ணீரைப் பிடிக்கும்போது என்னை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் தங்கை என்பதாலா, பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதாலா என்று தெரியவில்லை.

முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது, போர்மேன் தன் இஷ்டத்துக்குச் செய்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். புதுக் கேஸில் உங்களை மறுபடி ரிமாண்ட் செய்ததை வக்கீல் சொன்னார். முதலாளி பெயரையும் இந்தத் தடவை சேர்த்திருக்கிறார்கள். நிற்குமா என்று தெரியாதாம்.

விசாரிக்க வந்த அதிகாரி, “இதுக்கு முன்னாடி உங்க அண்ணன் எழுதுன கடுதாசி ஏதும் இருக்காம்மா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். உங்கள் மாப்பிள்ளைகூட என் முகத்தைத்தான் பார்த்தார். அக்டோபர் மாதம் டாக்டர் சொன்னதாக நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அதில் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்கும் ஓவியா போன தேதிக்கும் நடுவே அறுபத்தொன்பது நாள். எண்ணிப் பார்த்தேன். அது உங்களுக்கு எதிராகத்தான் போகும் என்று வக்கீல் சொல்கிறார். தெரிந்துதான் கொடுத்தேன். மறைத்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அம்மா செத்த அன்றைக்கு என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் கொள்ளி வைக்கப் போனீர்கள் என்று ஊரில் சொல்வார்கள். உங்கள்மேல் ஆத்திரம் வரும்போதெல்லாம் அதுவும் சேர்ந்தே வருகிறது. இரண்டையும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் பதினேழாம் தேதி சாத்தூர் கோர்ட்டுக்கு உங்களைக் கூட்டி வருவார்களாம். அதே நாளில் என்னையும் வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். வராண்டாவில் எதிரும் புதிருமாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். உங்களோடு பேசக்கூடாது என்றுதான் இருக்கிறேன். ஆனால் உங்களைக் கண்டால், “சாப்பிட்டீகளாண்ணே” என்று வாய் தானாகக் கேட்டுவிடும்.

அப்படிக் கேட்டுவிட்டால், நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். பேசாமல் உள்ளே போய்விடுங்கள்.

வள்ளித்தாய்